முதலில் விசிறியைப் படமெடுங்கள்: கேமரா கேள்வி பதில்

கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று பதினைந்து வருடமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான். வகுப்புக்குப் போய்ப் படித்ததில்லை. ஒன்றைத் திருகுவேன், என்ன ஆகிறது என்று பார்ப்பேன். என் படிப்பு அவ்வளவுதான். அதனால் என் பதில்களும் பெரும்பாலும் "இதைச் செய்து பாருங்கள்" என்றே இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். குழம்பில் உப்பு, புளி, மிளகாய் மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவிட்டு, எது தூக்கலாகிவிட்டது என்று நாக்கைக் கேட்டால் அது என்ன சொல்லும்?

கேள்வி (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்): அண்ணா, 18-55 கிட் லென்ஸோடு கேமரா வாங்கி மூன்று மாதமாகிறது. ஆட்டோவை விட்டு, எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடுக்குப் போனால் படம் ஒன்று கறுப்பாகிறது, இல்லையென்றால் வெள்ளையாகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வீட்டுக் கூடத்தில் தரையில் மல்லாந்து படுங்கள். நேர் மேலே விசிறி முழு வேகத்தில் ஓடட்டும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சம் போதும். எம் மோடில் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை (விழுந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற அளவு) மட்டும் ஆட்டோவில் விடுங்கள். லென்ஸ் 18 மி.மீ., அப்பர்ச்சர் (லென்ஸ் திறந்திருக்கும் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) எஃப்/3.5. இந்த இரண்டையும் அப்புறம் தொடாதீர்கள். ஷட்டரை (வெளிச்சம் உள்ளே வரும் நேரம், நொடிக் கணக்கில்) மட்டும் 1/1000, 1/250, 1/60, 1/15 என்று இறக்கிக்கொண்டே வந்து நான்கு படம் எடுங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. விசிறி நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நொடிக்கு 2100 டிகிரி. 1/1000 நொடியில் இறக்கை 2 டிகிரிதான் நகரும். நிற்கிற விசிறி மாதிரி இருக்கும். ஆனாலும் பெரிதாக்கி நுனியைப் பாருங்கள், லேசாக இழுபட்டிருக்கும். 48 அங்குல விசிறியின் நுனி அதற்குள் 2 செ.மீ. போய்விடுகிறது. நடுவில் உள்ள மூடியோ கத்தி மாதிரி இருக்கும். 1/60இல் இறக்கை 35 டிகிரி நகரும். 1/15இல் 140 டிகிரி. மூன்று இறக்கைகளுக்கு இடையே இருப்பதே 120 டிகிரிதான், அதனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வட்டத் தட்டாகிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு படத்திலும் கேமரா என்ன ஐ.எஸ்.ஓ. எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். என் வீட்டில் காலை 11 மணிக்கு 1/15இல் 200 இருந்தது, 1/1000இல் 12,800க்கு ஏறிவிட்டது. 15லிருந்து 1000 வரை ஆறு முறை இரட்டிக்க வேண்டும், அதாவது 64 மடங்கு. 200ஐ 64ஆல் பெருக்கினால் அதே 12,800. ஷட்டர் விட்டுக்கொடுத்த வெளிச்சத்தை ஐ.எஸ்.ஓ. அப்படியே ஈடுகட்டியிருக்கிறது, கூலியாகப் படம் முழுக்க நாய்ஸ் என்ற மணல் மாதிரிப் புள்ளிகளைத் தூவிவிட்டது. மெனுவில் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வுக்கு 6400 என்று வரம்பு போட்டிருந்தால் அதற்கு மேல் படம் இருண்டுவிடும். எம் மோடில் உங்கள் படம் கறுப்பான கதை இதுதான்.

இன்னொன்று. 1/15 படத்தில் விசிறி மட்டும் கலங்கியதா, விசிறி தொங்குகிற கொக்கியும் கலங்கியதா? கொக்கி தெளிவாக இருந்தால் அது விசிறியின் ஓட்டம். கொக்கியும் கலங்கினால் உங்கள் கை ஆட்டம். பல பேர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு புது லென்ஸ் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகி): பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் வெள்ளை வேட்டி எல்லாம் சாம்பல் நிறமாக விழுந்திருக்கிறது. அதே கேமராவில் கோயில் கருங்கல் சிலைகள் வெளிறிப்போகின்றன. கேமரா பழுதா?

பதில்: பழுதில்லை அக்கா. கேமராவைப் பொறுத்தவரை உலகமே மாநிறம். உள்ளே இருக்கிற மீட்டர், எதிரே இருப்பது சராசரியாக 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல் என்று நினைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. வேட்டியைப் பார்த்தால் "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். கருங்கல்லைப் பார்த்தால் கூட்டிவிடும்.

நம்பிக்கை வராவிட்டால், ஒரு வேட்டியையும் ஒரு கறுப்புக் குடையையும் நிழலில் வைத்து, ஃபிரேம் முழுக்க அது மட்டும் தெரியும்படி தனித்தனியாக எடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக வரும். பிளஸ், மைனஸ் போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தான் இதற்குத்தான் இருக்கிறது. வேட்டிக்கு +1, சிலைக்கு -1 என்று தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கினேன். மகளைப் படமெடுத்தால் மூக்கு பளிச்சென்று இருக்கிறது, கண் மங்கல். லென்ஸை மாற்றச் சொல்லிக் கடையில் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (படம் விழும் சில்லு) உள்ள கேமராவில் அந்த லென்ஸை முழுதாகத் திறந்து 1 மீட்டர் தூரத்தில் எடுத்தால், முன்னும் பின்னும் சேர்த்துத் தெளிவாக இருக்கும் ஆழம் 3 செ.மீ.கூட இல்லை. குழந்தை ஒரு மூச்சு விட்டால் கண் அந்த எல்லையைத் தாண்டிவிடும். தையல்கார நாடா ஒன்றை மேசையில் நீட்டிப் போட்டு, சாய்வாகப் பார்த்து, 30 என்ற எண்ணில் ஃபோகஸ் வைத்து எஃப்/1.8, 2.8, 4, 8 என்று எடுங்கள். எத்தனை எண்கள் படிக்க முடிகிறது என்று நீங்களே எண்ணிவிடலாம். எஃப்/4இல் அந்த ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். ஓடியாடும் பிள்ளைக்கு எஃப்/2.8க்கும் 4க்கும் நடுவே வைத்துக்கொண்டு, கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். 1.8க்குக் காசு கொடுத்துவிட்டோம் என்பதற்காக எப்போதும் 1.8இலேயே எடுப்பது ஒரு நோய். எனக்கும் இரண்டு வருடம் இருந்தது.

கேள்வி: மண்டபத்தில் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுகிறது. ஏன்?

பதில்: எல்.ஈ.டி. விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வையுங்கள். ஒரு மினுக்கோ இரண்டு மினுக்கோ முழுதாக உள்ளே வந்துவிடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்தில் தொடவே தொடாதீர்கள். அக்கா மகனின் காதணி விழாவில் பிள்ளை பயப்படுவான் என்று சைலண்ட் மோடில் எடுத்தேன். நாற்பது படம், நாற்பதிலும் தாய்மாமன் மடியில் வரிக்குதிரை.

கேள்வி: ராவா, ஜேபெக்கா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஜேபெக் என்பது கேமராவே சமைத்து முடித்த படக் கோப்பு, ரா என்பது சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. ஜேபெக் சுட்ட தோசை, ரா மாவு. மாவு கையில் இருந்தால் ஊத்தப்பமும் ஊற்றலாம். கணக்காகச் சொன்னால், ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384 படிகள்.

இதையும் சோதித்துப் பார்க்கலாம். ரா பிளஸ் ஜேபெக் என்று வைத்து, வேண்டுமென்றே மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பது) இருட்டாக ஒரு முகத்தை எடுங்கள். கணினியில் இரண்டையும் தூக்குங்கள். ஜேபெக்கில் கன்னத்து நிழல் திட்டுத் திட்டாக உடையும், ராவில் தாக்குப்பிடிக்கும். பிறகு எதிர்ப்பக்கம்: வானம் முழு வெள்ளையாகும்படி மூன்று ஸ்டாப் கூட்டி எடுங்கள். சுத்தமாக வெளுத்துப்போன இடத்தை ராவும் மீட்டுத் தராது. அதனால்தான் இருட்டில் கொஞ்சம் தப்பு செய்யலாம், வெள்ளையில் கூடாது என்று படத்தின் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா 20 முதல் 30 எம்.பி. வரை பிடிக்கும்; வீட்டுச் சாப்பாட்டுப் படத்துக்கெல்லாம் ஜேபெக்கே போதும்.

கேள்வி (மதுரை, பள்ளி ஆசிரியர்): சார், இரண்டு கேள்வி. எடிட் செய்வது ஏமாற்று வேலை இல்லையா? அப்படியே செய்தாலும் என் படங்கள் மிட்டாய்க் கடை மாதிரி ஆகிவிடுகின்றனவே?

பதில்: முதல் கேள்விக்கு ஒரு பழைய கதை. 1941இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாக புகழ்பெற்ற நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் காரில் வந்துகொண்டிருந்தார். நிலா ஏறியிருந்தது, சாய்ந்த வெயிலில் கல்லறைச் சிலுவைகள் மின்னின. அவசரத்தில் வெளிச்சமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவில் இருந்தது, அதை வைத்து மனக்கணக்காகவே எக்ஸ்போஷர் போட்டு எடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் சிலுவைகள் மேல் வெயில் போய்விட்டது.

மீதிக் கதை இருட்டறையில். அந்த ஒரே நெகடிவை அவர் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்பகால அச்சுகளில் வானத்தில் மேகம் தெரியும். பிற்கால அச்சுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. ஒரு பகுதியைக் கையால் மறைத்து வெளிறவைப்பதும், இன்னொன்றுக்குக் கூடுதல் வெளிச்சம் காட்டிக் கறுக்கவைப்பதும் அன்றைக்கே அன்றாட வேலை. இன்று நாம் கணினியில் ஒரு பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஸ்லைடரை இழுக்கிறோம். செய்திப் படத்தில் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான் ஏமாற்று. வானத்தை அரை ஸ்டாப் இறக்குவது இல்லை.

சரி, மிட்டாய்க் கடை. நீங்கள் முதலில் தொடுவது நிறத்தை அடர்த்தியாக்கும் சாச்சுரேஷன் ஸ்லைடராகத்தான் இருக்கும், சரியா? அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது), அப்புறம் மொத்த வெளிச்சம், அப்புறம் ஹைலைட்டும் ஷேடோவும், அதாவது பளிச்சென்ற இடங்களும் நிழல்களும். நூறில் தொண்ணூறு படத்துக்கு இதற்கு மேல் வேலை இருக்காது.

ஒயிட் பேலன்ஸில் ஒரு பயிற்சி. இருட்டறையில் ஓர் அகல் விளக்கை ஏற்றி, முதலில் ஆட்டோவில், பிறகு வெயிலுக்கான சூரியக் குறியில் எடுங்கள். நிறத்தின் வெப்பநிலையைக் கெல்வினில் சொல்வார்கள்: சுடர் 2000 கெல்வினுக்குப் பக்கம், நடுப்பகல் வெயில் 5500. ஆட்டோ அந்த மஞ்சளைக் 'குறை' என்று எண்ணிக் கழுவப் பார்க்கும். சூரியக் குறியிலோ ஒரே ஆரஞ்சாக வழியும். உங்கள் கண் பார்த்தது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. டார்க்டேபிள், லைட்ரூம் மாதிரிப் படம் திருத்தும் மென்பொருளில் வெப்பநிலை ஸ்லைடரை நகர்த்தி அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். டார்க்டேபிள் இலவசம், ஆனால் முதல் வாரம் அழவைக்கும்.

முகம்தான் நல்ல எச்சரிக்கை மணி. தோல் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆனால் அளவு மீறிவிட்டது. எடிட் முடித்ததும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். நான் பெரும்பாலும் எல்லா ஸ்லைடரையும் பாதிக்குத் திருப்பி இழுத்துவிடுவேன்.

கேள்வி: அந்த நிலா எனக்கு மட்டும் வெள்ளைப் பொட்டாகவே வருகிறதே?

பதில்: இரவுதான், ஆனால் நிலா வெயிலில் கிடக்கிற பாறை. ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11, 1/100இல் தொடங்குங்கள். கிட் லென்ஸின் 55 மி.மீ.யில் சென்சார்மேல் விழும் நிலா அரை மில்லிமீட்டர்தான். அகலத்தில் 6000 பிக்சல் உள்ள படத்தில் 130 பிக்சல். மலைப் பள்ளமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். தென்னை மரமோ கோபுரமோ கூட வரட்டும்.

கேள்வி (தங்கச்சி முறையில் ஒருத்தி): என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது அண்ணா.

பதில்: முதலில் தாவணியாலோ துண்டாலோ லென்ஸைத் துடைம்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, போனில் எடுத்த மங்கல் படங்கள் பலவற்றுக்குக் காரணம் விரல் எண்ணெய்தான். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறாது, அதனால் புரோ மோடில் உனக்கு இரண்டே கைப்பிடி: ஷட்டர், ஐ.எஸ்.ஓ. குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழுவதை 1/2000இல் ஒன்று, சுவரில் சாய்த்துவைத்து 1/8இல் ஒன்று எடுத்துப் பார். ஒன்றில் முத்து முத்தாக உடையும், ஒன்றில் பட்டு நூலாக இறங்கும். திருத்த ஸ்னாப்சீட் என்ற செயலி போதும். ஒரே இடத்தை மட்டும் வெளிச்சமாக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

கேள்வி: எடுத்த செட்டிங்கையெல்லாம் நோட்டில் எழுதிவைக்க வேண்டுமா?

பதில்: எண்களைப் படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைத்துவிடும். அது எழுதாததை எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம்: "மார்கழி, காலை 5.40. தெருவிளக்கு இடப்பக்கம். கோலப்பொடி வெள்ளை, +1 போட மறந்தேன். நாய் குறுக்கே வந்தது, படத்தில் நாய் இல்லை, புகை மாதிரி ஏதோ."

கேள்வி (மறுபடியும் கோயம்புத்தூர் மாணவர்): அண்ணா, இப்போதே படுத்து எடுத்துப் பார்த்துவிட்டேன். அம்மா சிரிக்கிறார்கள். 1/60இலேயே கொக்கியும் கலங்கியிருக்கிறது. என் கை அவ்வளவு மோசமா?

பதில்: 18 மி.மீ.யில் 1/60க்குக் கை ஆடுவது அபூர்வம். எனக்கு ஃபோகஸ் மேல்தான் சந்தேகம். வெற்று வெள்ளைக் கூரையில் பிடிமானம் கிடைக்காமல் லென்ஸ் தடுமாறியிருக்கும், இல்லையென்றால் ஓடுகிற இறக்கையைத் துரத்தியிருக்கும். படத்தை முழுதாகப் பெரிதாக்கிக் கொக்கியை மட்டும் பாருங்கள் தம்பி. ஒரு பக்கமாகக் கோடு இழுத்த மாதிரி இருக்கிறதா, நாலாபக்கமும் பஞ்சு மாதிரி உப்பியிருக்கிறதா? கோடு என்றால் கை, பஞ்சு என்றால் ஃபோகஸ். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இங்கேதான் இருக்கிறேன்.