கொல்லையில் ஒரு சமையல் தளம்: 8 லட்சத்தை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 63. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார். கடலூரில் சொந்த வீடு. கடற்கரை ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். ஓய்வூதியம் மாதம் 36,000 ரூபாய், அதில் 28,000 செலவாகிறது. ஓய்வின்போது வந்த பணத்தில் 15 லட்சத்தை 2023 ஜூனில் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். அந்த வட்டியில் ஏறக்குறைய பாதி மருந்துக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்விடுகிறது. வங்கியில் 3 லட்சம் டெபாசிட் இருக்கிறது. என் சமையலறையில் ஒரே ஒரு சிறிய ஜன்னல். சித்திரை, வைகாசியில் அடுப்பின் முன் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை, மயக்கம் வருகிறது. கொல்லையில் உயர்த்திய மரத்தளம் போட்டு, அதன்மேல் ஸ்டீல் அலமாரிகளோடு சமையல் மேடையும் இரும்புக் கூரையும் அமைக்க ஒரு ஒப்பந்ததாரர் 6,80,000 ரூபாய் கேட்கிறார். மே மாதம் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் முடித்துத் தருவாராம். 60 சதவீதம் முன்பணம் வேண்டுமாம். அஞ்சலகப் பணத்தை எடுக்கலாமா? மகன் தன் பெயரில் தனிநபர் கடன் வாங்கித் தானே கட்டுவதாகச் சொல்கிறான். அல்லது நகையை வைக்கலாமா? இதற்கு முன் கொல்லையில் இருந்த தகரக் கூரை ‘தானே’ புயலில் பறந்துபோனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். – கடலூர் வாசகி

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஆண்டுகள் பிறர் உடம்பைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். உங்கள் உடம்புக்காக ஒரு குளிர்ந்த சமையலிடம் கேட்பது ஆடம்பரமே இல்லை. அந்தச் செலவை நீங்கள் செய்யத்தான் வேண்டும். ஆனால் உங்களிடம் கொடுக்கப்பட்டிருக்கும் எஸ்டிமேட் உங்கள் தேவைக்குப் போடப்பட்டதாகத் தெரியவில்லை. வேறு ஊரின் வெயிலுக்கும் வேறு குடும்பத்தின் வருமானத்துக்கும் போட்ட படம் அது.

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டின் கடைசி வரியில் ‘ஜிஎஸ்டி தனி’ என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. பொருளும் கூலியும் சேர்த்த இத்தகைய ஒப்பந்த வேலைக்கு வரி 18 சதவீதம். அதாவது 1,22,400 ரூபாய். ஆக, நீங்கள் கொடுக்கப்போவது 6,80,000 அல்ல, 8,02,400. கணக்குக்கு 8 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது அஞ்சலகப் பணத்துக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் முதல் அந்தத் திட்டத்துக்கு 8.2 சதவீத வட்டி. நீங்கள் சேர்ந்த நாளின் விகிதம் ஐந்து ஆண்டுகளுக்கும் மாறாது. உங்கள் 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வருகிறது. இந்தக் கணக்கிலிருந்து தேவைக்கு ஏற்றபடி கொஞ்சம் மட்டும் எடுக்க வழியில்லை. கணக்கையே மூட வேண்டும். இரண்டு ஆண்டு கடந்துவிட்டதால் மொத்த வைப்பில் 1 சதவீதம், அதாவது 15,000 ரூபாய், பிடித்துக்கொள்வார்கள். மீதியை மறுபடி போடலாம்தான், ஆனால் அன்றைக்கு என்ன வட்டியோ அதுதான் கிடைக்கும். கொல்லையில் போன 8 லட்சம் தந்துகொண்டிருந்த வட்டி ஆண்டுக்கு 65,600 ரூபாய், மாதத்துக்கு ஏறக்குறைய 5,470. நீங்கள் மருந்துக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எடுப்பது கிட்டத்தட்ட அதே தொகை. இரண்டாவது கடிதத்தில் நான் கேட்டதற்கு, பிள்ளைகள் வந்து தங்குவது பொங்கல், மே விடுமுறை, தீபாவளி எல்லாம் சேர்த்து நாற்பது நாள் என்று எழுதியிருந்தீர்கள். பெரிய தளம் தேவைப்படுவது அந்த நாற்பது நாள்தான். நாள் ஒன்றுக்கு 1,640 ரூபாய் வட்டியை இழந்து அதில் சமைக்கிறீர்கள் என்று பொருள். மரத்துக்கு ஆண்டுதோறும் பூசும் எண்ணெயும் மாற்றும் பலகையும் இதில் சேரவில்லை.

மகனின் கடனும் எனக்கு உடன்பாடில்லை. 8 லட்சத்தை 13 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 18,200 ரூபாய். கட்டி முடிக்கும்போது 2,92,000 ரூபாய் வட்டியாக மட்டும் போயிருக்கும். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளிக் கட்டணம் இருக்கிறது. அம்மாவுக்காக என்று மனம் நிறைந்துதான் சொல்லியிருப்பார். அந்த நல்ல மனத்தை வேறு வழியில் ஏற்றுக்கொள்ளலாம், கீழே சொல்கிறேன். நகைக்கடன் வேண்டவே வேண்டாம். பயிர் வைக்கவும் படிக்க வைக்கவும் மருத்துவத்துக்கும் நகையை வைப்பார்கள், ஏனென்றால் அங்கே வேறு வழி இருக்காது. உங்களுக்கு வழி இருக்கிறது.

அந்த மரத்தளத்தைப் பற்றி. நான் பொறியாளன் அல்ல. ஆனால் கடலோர வீடுகளில் போன பணத்துக்குக் கணக்கு எழுதிய அனுபவம் உண்டு. என் பெற்றோர் வீட்டுக் கொல்லையில் ஒருவர் பேச்சைக் கேட்டு மரப்பலகைத் தளம் போட்டோம். நான்காவது ஆண்டில் அடிச்சட்டத்தைக் கரையான் முழுவதும் தின்றிருந்தது. மேலே பலகை பளபளப்பாகவே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவின் கால் பலகைக்குள் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை, ஆகையால் இந்த விஷயத்தில் நான் கடுமையாகப் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூரின் ஈரக் காற்றில் மரம் காய்வதற்கே நேரம் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மற்ற மாதங்களில் உப்புக் காற்று. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைக் கரையான் அவ்வளவாகத் தொடாது என்றாலும், மே மாத நண்பகலில் வெறுங்காலோடு அதில் நிற்க முடியாது. வெயிலுக்குத் தப்பித்து வெளியே வருகிறவருக்கு அது என்ன தீர்வு?

இன்னொன்று, இதைப் பணத்துக்கும் மேலாகச் சொல்கிறேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தாழ்வான இடம் தேடித் தேங்கும். உயர்த்திய பலகைத் தளத்துக்கு அடியில் இருக்கும் வெற்றிடம் அதற்கு வசதியான குழி. சிலிண்டரை அந்தத் தளத்துக்குக் கீழே மறைத்து வைக்கும்படி படத்தில் வரைந்திருக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்தப் படத்தை மறுத்துவிடுவேன்.

எஸ்டிமேட்டில் ‘ஸ்டீல்’ என்று மட்டும் எழுதியிருப்பதும் சரியில்லை. எவர்சில்வரில் வகை உண்டு. வழக்கமாகப் புழங்குவது 304. மாலிப்டினம் சேர்ந்த 316தான் உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். எண்ணைக் குறிப்பிடாத எஸ்டிமேட்டில் மலிவானதுதான் வந்து சேரும். உங்களுக்கோ வெளியே அலமாரியே தேவையில்லை. பாத்திரம் உள்ளே இருக்கட்டும், சமைக்கும்போது எடுத்துவந்தால் போதும்.

அப்படியானால் என்ன கட்டுவது? சமையலறைப் பின்கதவை ஒட்டி, தரையோடு சேர்ந்த சிமெண்ட் தளம், பத்தடிக்குப் பன்னிரண்டடி. தண்ணீர் தேங்காமலிருக்கப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு, வீட்டுப் பக்கம் அல்ல, தோட்டப் பக்கம். வழுக்காத சொரசொரப்பான தரை. 63 வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஆகும் செலவு என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கல் கட்டி அதன்மேல் கடப்பாக் கல் அல்லது கிரானைட் பலகை. சிலிண்டர் தரையில் நிமிர்ந்து, நாலாபுறமும் காற்றோடும் இடத்தில் நிற்க வேண்டும். கூரைக்குத் தகரம் வேண்டாம், தலைக்கு மேல் இன்னொரு அடுப்பு எரிவதுபோல் இருக்கும். ஓடு போட்டால் நல்லது. தென்னங்கீற்றுப் பந்தல் குளிர்ச்சிதான், ஆனால் தீயின்மேல் கீற்று கூடாது. எதைப் போட்டாலும் கூரையைத் தூணோடும் தூணை அஸ்திவாரத்தோடும் இறுகப் பிணைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று உங்கள் ஊரை அடித்த புயலில் கூரையை இழந்தவர் நீங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் அதே கரைதான். காங்கிரீட் தூண் என்றால் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். கடுமையான சூழலுக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அளவு அது. அதைக் குறைத்தால் உப்பு கம்பியைத் தொட்டு, சில ஆண்டுகளில் தூண் வெடித்துப் பொரிந்துவிடும்.

இதற்கு நான் வைக்கும் உச்சவரம்பு 2,80,000 ரூபாய். விலைப்பட்டியல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதைத் தாண்டினால் அளவைக் குறையுங்கள் என்று போடும் கோடு இது. தளத்துக்கும் மேடைக்கும் 1,10,000. கூரைக்கு ஒரு லட்சம். தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வழி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 40,000. அடுப்பு, விளக்கு, காற்றாடி 30,000. எதிர்பாராததற்கு இன்னும் 40,000 தனியாக இருக்கட்டும். ஆக மொத்தம் 3,20,000. பொருளை நீங்களே பில்லோடு வாங்கி, மேஸ்திரியைக் கூலிக்கு அமர்த்துங்கள்.

பணம் இப்படி வரும். நீங்கள் மாதம் செலவழிப்பது மருந்தும் சேர்த்துச் சுமார் 33,000. ஆறு மாதச் செலவான 2 லட்சத்தை வங்கி டெபாசிட்டில் தொடாமல் விட்டால், 1 லட்சத்தை எடுக்கலாம். ஓய்வூதியத்தில் மீதமாகும் 8,000, வட்டியில் மீதமாகும் 5,000, இரண்டையும் பத்து மாதம் தொடர்வைப்பில் போட்டால் 1,30,000. மகனிடம் சொல்லுங்கள்: ஐந்து ஆண்டு தவணை கட்ட வேண்டாம், அதே 18,000 ரூபாயை ஐந்தே மாதம் தரட்டும். அது 90,000. கூட்டிப் பாருங்கள், 3,20,000 வந்துவிடுகிறது. ஒரு ரூபாய் கடன் இல்லை, அஞ்சலகக் கணக்கும் அப்படியே இருக்கிறது.

பத்து மாதம் என்றால் இந்த மே மாதம் தளம் இருக்காது. பேரப்பிள்ளைகள் ஏமாறுவார்கள் என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும். எனக்கோ அந்தத் தாமதம் நல்லதாகவே படுகிறது. இந்தக் கோடையில் கொல்லையில் நிழலான இடத்தில் ஒரு உறுதியான மேசையும் அடுப்பும் மட்டும் போட்டுச் சமைத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் முற்பகலுக்குப் பிறகு கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பும். அது எந்த மூலையில் சுடரை அணைக்கிறது, எந்த மூலையில் மீன் வறுத்த புகையை வீட்டுக்குள் திருப்பி அனுப்புகிறது என்பதை எந்த ஒப்பந்ததாரரும் படத்தில் காட்ட முடியாது. எத்தனை நாள் வெளியே சமைத்தீர்கள் என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஆடி வரைக்கும் வாரத்துக்கு மூன்று நாள்கூட வரவில்லை என்றால் தளத்தை இன்னும் சிறியதாக்குங்கள், அல்லது உள்ளே ஒரு பெரிய ஜன்னலும் புகைபோக்கி விசிறியும் வைத்து அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த முடிவுக்கு நீங்கள் வந்தால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. இந்தக் கோடை முடியும் வரை காத்திருக்காமல், விசிறியையாவது இந்த வாரமே மாட்டிவிடுங்கள்; மயக்கத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கட்டுவதானால் மழை ஓய்ந்து தரை காய்ந்த தை, மாசியில் கட்டுங்கள். யாரிடம் வேலை கொடுத்தாலும் 60 சதவீத முன்பணம் கிடையாது. முதலில் 15 சதவீதம். அஸ்திவாரம், தளம், கூரை என்று வேலை முடிய முடியப் பணம். கூலியில் கடைசிப் பத்து சதவீதத்தைக் கார்த்திகை மழை முடிந்து, எங்கும் ஒழுகவில்லை, தண்ணீர் தேங்கவில்லை என்று பார்த்த பிறகே தருவதாக எழுதி வாங்குங்கள். சிலர் மறுப்பார்கள். ஒப்புக்கொள்கிறவர் தன் வேலையை நம்புகிறவர்.

கூரையுள்ள கட்டுமானத்துக்கு அனுமதி வேண்டுமா, எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை மாநகராட்சியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எல்லா பில்களையும் ஒரு உறையில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். என்றாவது வீட்டை விற்றால், நிலையான கட்டுமானத்துக்கு ஆன செலவை வீட்டின் அடக்க விலையோடு சேர்த்துக் காட்டி, வரிக்கு உட்படும் ஆதாயத்தைக் குறைக்க முடியும். கையில் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது. வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடக்கம். புயல் அடிக்கும் கரையில் இருந்துகொண்டு இதை எடுக்காமலிருப்பது எனக்குப் பதைப்பாக இருக்கிறது. கொல்லைக்கு ஒரு செங்கல் வாங்குவதற்கு முன் இதை எடுங்கள். தளம் கட்டி முடித்ததும் அதையும் கட்டடப் பரப்பில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அஞ்சலகக் கணக்கு 2028 ஜூனில் முதிர்கிறது. அதற்குள் ஒரு மழைக்காலம் அந்தத் தளத்தில் சமைத்திருப்பீர்கள். அப்போதும் பேரப்பிள்ளைகளுக்காக இன்னும் பெரிதாக வேண்டும் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள். அன்று பணத்தை எடுக்க அபராதம் இருக்காது.