அப்பாயியின் பெட்டியில் 3 சத நோட்டு

கேள்வி: டிக்கோயாவிலிருந்து எழுதுகிறேன். அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் 1942ஆம் ஆண்டு இலங்கை நோட்டுகள் சில கிடைத்தன. ஒன்று பாதியாகக் கிழிந்து, 3 சதம் என்று இருக்கிறது. ஜோர்தானில் வேலை செய்த சித்தி தந்த, ஈராக் ஜனாதிபதியாக இருந்த சதாம் ஹுசைன் படம் போட்ட 250 ஈராக் தினார் நோட்டும் உண்டு. பனிக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது. லெமினேட் செய்யலாமா?

பதில்: லெமினேட் மட்டும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் தாளும் சேர்ந்து வரும். பிறகு சேகரிப்பவர் யாரும் அதை வாங்கமாட்டார்.

உங்கள் 3 சதம் கிழிந்த நோட்டே அல்ல. இரண்டாம் உலகப் போரில் உலோகம் ஆயுதத்துக்குப் போக, சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தது. 1942இல் இலங்கை அரசாங்கம் 5, 10, 25, 50 சதங்களைத் தாளிலேயே வெளியிட்டது. அதில் 5 சத நோட்டின் நடுவே, முத்திரைகளைப் பிரிக்க இருப்பதுபோல, துளை வரிசை இருக்கும். பிரித்தால் ஒரு துண்டு 2 சதம், மற்றது 3 சதம். கடையில் மிச்சம் கொடுக்க அப்படியே பயன்பட்டது. ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளை வழியே பிரிந்திருந்தால் ஓரம் ஒரே சீராகப் பல்லுப் பல்லாக இருக்கும். கிழிசலென்றால் நார் தாறுமாறாகத் தொங்கும். ஒரு சதம்கூடப் பெரிதாக இருந்த காலத்தை இவ்வளவு நேராகக் காட்டும் நோட்டு வேறொன்றை நான் பார்த்ததில்லை. பெட்டியில் பிரிக்காத 5 சதம் இருந்தால் தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள்.

சித்தியின் தினார் வேறு கதை. 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்ததும் ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்தது. பிரிட்டனில் அச்சாகி வந்த நோட்டு நின்றுபோக, ஈராக் உள்ளூரிலேயே மட்டமான தாளில் அடித்தது. பழைய நோட்டில் கோடுகள் நகத்துக்குத் தட்டுப்படும். இதில் வழவழவென்று இருக்கும். மங்கலாக இருக்கிறதே என்று போலியாக நினைத்து வீசிவிடாதீர்கள். 2004 ஜனவரிக்குப் பிறகு அது செல்லாது. ஏராளமாக அடித்ததால் விலையும் சொற்பம்தான்.

பூஞ்சணத்துக்கு: கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், வெயிலிலும் காயவைக்காதீர்கள். காய்ந்த நாளில் நிழலில் ஆறவிட்டு, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பி.வி.சி. உறை கூடாது, பொலியெஸ்டர் உறை வாங்குங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு, ஈரச் சுவருக்கும் அடுப்புப் புகைக்கும் எட்டாமல் உள் அலுமாரியில் வையுங்கள்.

அந்த நோட்டு எந்த வருடம், யாரிடமிருந்து வந்தது என்று சித்தியிடம் இப்போதே கேட்டு, ஒரு தாளில் பென்சிலால் எழுதி உறைக்குப் பக்கத்தில் வையுங்கள். நோட்டின் மேல் எழுத வேண்டாம்.