நானே வரைந்த பேடில் போர்டு டிசைன் ஃபைலை எல்லோருக்கும் கொடுக்கலாமா? யாராவது எடுத்து விற்றுவிட்டால்?

தாராளமாகக் கொடுங்கள். உங்கள் எடைக்கும் உங்கள் ஊர் ஏரிக்கும் ஏற்றபடி 10 அடி 6 அங்குல சப் போர்டு (நின்றபடி துடுப்புப் போடுகிற பேடில் போர்டு) ஒன்றைக் கணினியில் வரைந்து, அதைச் செய்தும் பார்த்துவிட்டதாகக் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். ஃபைலைப் பொதுவில் போட ஆசை, யாராவது எடுத்து விற்றுவிடுவார்களோ என்று தயக்கம். விற்பனை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். என் கவலை வேறு. ஃபைலை மட்டும் தனியாகப் போட்டுவிட்டால், அதை நம்பி இறங்குகிறவருக்குக் காசும் உழைப்பும் வீணாகப் போக நிறைய வழி இருக்கிறது. அதைத் தடுக்க உங்களுக்கு ஒரு மணி நேர வேலைதான்.

நான் சென்னைக்குத் தெற்கே கோவளம், முட்டுக்காடு பக்கம் நண்பர்களோடு சேர்ந்து போர்டு செய்கிறேன். முகம் தெரியாதவர்கள் போட்ட ஃபைல்களைத் திறந்து பார்த்துத்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். எங்கள் ஃபைல்களையும் பொதுவில் வைத்திருக்கிறோம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு போர்டு ஃபைலுக்குள் இருப்பது கொஞ்சம்தான். மேலிருந்து பார்த்தால் தெரிகிற அவுட்லைன். பக்கவாட்டில் தெரிகிற ராக்கர் கோடு, அதாவது மூக்கிலிருந்து வால் வரை போர்டு வளைகிற வளைவு; அடிப்பக்கத்துக்கு ஒன்று, நிற்கிற மேல்பக்கமான டெக்குக்கு ஒன்று. பிறகு குறுக்கே வெட்டினால் தெரிகிற சில ஸ்லைஸ்கள். ஒரு ஸ்லைஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் இருப்பதை மென்பொருள் தானே நிரப்பிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் தன் கணக்கில் நிரப்புவதால், ஒரே ஃபைலை இரண்டு மென்பொருளில் திறந்தால் கொள்ளளவு மாறிக் காட்டலாம். அதைவிட மோசமானது ரெயிலில், அதாவது போர்டின் பக்கவாட்டு ஓரத்தில், வரும் புடைப்பு. நடு ஸ்லைஸில் கோட்டை வளைக்கிற கட்டுப்பாட்டுப் புள்ளி ஆறு, வாலுக்கு முந்தைய ஸ்லைஸில் நாலு என்று இருந்தால், இரண்டுக்கும் நடுவில் ரெயில் முறுக்கிக்கொண்டு போகும். திரையில் முழு போர்டைப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாது. வால் பக்கமாகத் திருப்பி வைத்து, ஒளி சாய்வாக விழும்படி மெல்லச் சுழற்றினால் ரெயில் ஓரத்தில் ஒரு நிழல் திடீரென்று உடையும். அதுதான் இடம். இதைக் கவனிக்காமல், கணினி ஃபைலைப் பார்த்து வெட்டுகிற சிஎன்சி இயந்திரத்துக்கு அனுப்பினால் இயந்திரம் அந்தப் புடைப்பையும் பயபக்தியோடு வெட்டிக் கொடுத்துவிடும். வெளியிடுவதற்கு முன் எல்லா ஸ்லைஸிலும் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சமப்படுத்திவிடுங்கள்.

ஃபைலோடு ஒரு சின்ன அளவுப் பட்டியலும் இருக்கட்டும்: மொத்த நீளம், அதிகபட்ச அகலம், அது எந்த இடத்தில் வருகிறது, மூக்கிலிருந்து ஓரடியிலும் வாலிலிருந்து ஓரடியிலும் அகலம், நடுத் தடிமன், மூக்கு ராக்கர், வால் ராக்கர், லிட்டரில் கொள்ளளவு. எடுக்கிறவர் தன் கணினியில் திறந்ததும் இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று இடித்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த வடிவத்தில் கொடுப்பது? ஒன்றில் மட்டும் கொடுக்காதீர்கள். நீங்கள் ஷேப் 3டி, அக்கு ஷேப்பர், போர்ட்கேட் என்று போர்டு வரைகிற மென்பொருள் எதில் வரைந்திருந்தாலும் அந்த மூல ஃபைல் கட்டாயம் வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்தவர் கோட்டைத் திருத்த முடியும். போர்ட்கேட் திறந்த மூல மென்பொருள், காசு தேவையில்லை என்பதால் புதியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஒரு சிறு தொந்தரவு: போர்ட்கேட் ஃபைலின் பெயர் பிஆர்டி (.brd) என்று முடியும், அதே முடிவை எலெக்ட்ரானிக் சர்க்யூட் வரைகிற ஈகிள் மென்பொருளும் பயன்படுத்துகிறது. உங்கள் ஃபைலை ஒருவர் இரட்டைச் சொடுக்கினால் சம்பந்தமே இல்லாத மென்பொருள் திறந்துகொண்டு ‘ஃபைல் கெட்டுவிட்டது’ என்று சொல்லக்கூடும். எதில் வரைந்தது, எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

கூடவே ஒரு எஸ்டிஎல் ஃபைல். இதில் இருப்பது வெறும் முக்கோணங்கள், அலகே கிடையாது. 10 அடி 6 அங்குலம் என்றால் 126 அங்குலம், அதாவது சுமார் 3200 மில்லிமீட்டர். நீங்கள் அங்குலத்தில் ஏற்றுமதி செய்து, எடுக்கிறவர் மில்லிமீட்டர் என்று நினைத்துத் திறந்தால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு போர்டு வந்து நிற்கும். ஃபைல் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுங்கள். அடுத்து, முழு அளவில் அச்சிடக்கூடிய பிடிஎஃப். இயந்திரம் எல்லோருக்கும் கிடைக்காது. நம் பக்கத்தில் பெரும்பாலோர் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் அவுட்லைனையும் ராக்கரையும் முழு அளவில் அச்சிட்டு, ப்ளைவுட்டில் ஒட்டி அறுத்து, சூட்டுக் கம்பியால் தெர்மாகோலை வெட்டுகிறார்கள். அந்தத் தாளில் 1 அடி நீளத்துக்கு ஒரு சோதனைக் கோடு போடுங்கள். பிரிண்டர் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று சுருக்கிவிட்டிருந்தால் டேப்பை வைத்த உடனே தெரிந்துவிடும்.

இனி ஃபைலுக்குள் எந்தக் காலத்திலும் வராத விஷயங்கள். இங்கேதான் நீங்கள் உட்கார்ந்து எழுத வேண்டும்.

முதலில் தெர்மாகோலின் அடர்த்தி. வெளிநாட்டு ஃபைல்களில் 1 பவுண்டு, 2 பவுண்டு என்று போட்டிருப்பார்கள். அது ஒரு கன அடிக்கான எடை. நம் கடைகளில் கேட்கும் கணக்கில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 16 கிலோ, 32 கிலோ. 180 லிட்டர் போர்டுக்கு வெறும் தெர்மாகோலே முதலாவதில் 2.9 கிலோ, இரண்டாவதில் 5.8 கிலோ வரும். ஃபைபர் துணியும் அப்படித்தான்: 4 அவுன்ஸ் என்றால் சுமார் 135 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), 6 அவுன்ஸ் என்றால் சுமார் 200 ஜிஎஸ்எம். மேலே எத்தனை அடுக்கு, கீழே எத்தனை, நிற்கிற இடத்தில் கூடுதலாக என்ன போட்டீர்கள் என்று எழுதுங்கள். குறைந்த அடர்த்தியில் மெல்லிய துணியைப் போட்டால் குதிகால் படுகிற இடம் சில வாரத்திலேயே அமுங்கிப்போகும்.

ஃபைபர் துணியை நனைத்து இறுக வைக்கிற ரெசின் விஷயத்தில் ஒரு வார்த்தையும் குறைக்காதீர்கள். வெறுமனே ‘ரெசின்’ என்று எழுதினால், நம் கடற்கரையில் ஒருவர் நேராக ஃபைபர் படகுக்குச் சாமான் விற்கிற கடைக்குப் போவார். அங்கே கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். நாள் கணக்கில் இழைத்துத் தேய்த்த வடிவம் கண் முன்னால் குழிந்து உள்ளே போகும். ‘எபாக்ஸி மட்டும்’ என்று தனி வரியில், பெரிய எழுத்தில் போடுங்கள். அதோடு காற்றுத் துளை. தெர்மாகோல் போர்டை எபாக்ஸியால் மூடினால் உள்ளே காற்று அடைபட்டிருக்கும். சித்திரை வெயிலில் காரின் மேல் கட்டி வைத்தால் அந்தக் காற்று விரிந்து தோலைத் தூக்கிவிடும். டெக்கில் காற்றுத் துளை எங்கே வைத்தீர்கள், ஃபின் (அடியில் நீட்டி நிற்கும் தகடு) செருகும் பெட்டி வாலிலிருந்து எவ்வளவு தூரம், கைப்பிடி எங்கே என்பதெல்லாம் படத்தோடு வேண்டும். கைப்பிடிக்குக் கணினி காட்டுகிற கொள்ளளவு மையத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபின் பெட்டி, கூடுதல் துணி, பெயின்ட் எல்லாம் சேர்ந்ததும் எடை மையம் நகரும். முடித்த போர்டைத் தூக்கிப் பார்த்துக் குறித்த இடத்தைத்தான் எழுத வேண்டும்.

அடுத்து, யாருக்காக, எந்தத் தண்ணீருக்காக வரைந்தது என்பது. உங்கள் ஏரிக்கு ராக்கர் குறைவாக இருந்தால் நன்றாக ஓடும். அதே போர்டை அலையில் எடுத்துப்போனால் மூக்கு தண்ணீருக்குள் குத்தும். உங்கள் எடை, நிற்கிற பழக்கம் எவ்வளவு நாளாக, காற்று எப்படி, ஏரியா கடலா என்று ஐந்தாறு வரி போதும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஃபைலை எடுக்கிற எவரும் முதலில் செய்வது அளவை மாற்றுவதுதான். மென்பொருளில் அகலம் 32 அங்குலம் என்பதை 30 என்று தட்டினால் ஒரு நொடியில் முடிந்தது. கொள்ளளவு 6 சதவீதம்தான் குறையும், 180 லிட்டர் 169 ஆகும். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் பக்கவாட்டில் கவிழாமல் தாங்குகிற திறன் அகலத்தின் மூன்றாம் மடியைப் பொறுத்தது. படகு கட்டுகிறவர்களின் கணக்குதான் இது. 30ஐ 32ஆல் வகுத்து மும்முறை பெருக்கினால் 0.82. அதாவது 18 சதவீதம் போய்விட்டது. நின்றுகொண்டிருக்கிற ஆளின் எடை மையம் தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால், காலுக்குத் தெரிகிற ஆட்டம் அதைவிடவும் அதிகம். மூன்று அளவையும் சேர்த்து 10 சதவீதம் பெரிதாக்கினாலோ கொள்ளளவு 33 சதவீதம் கூடி, மரக்கட்டை மாதிரி தடித்த போர்டு கையில் வரும். ஆகவே ‘இதற்குள் மாற்றலாம், இதைத் தாண்டினால் ராக்கரையும் ரெயிலையும் புதிதாக வரையுங்கள்’ என்று உங்கள் கருத்தை எழுதுங்கள். வரைந்தவருக்குத்தான் அது தெரியும்.

விலா எலும்பு மாதிரிச் சட்டங்கள் வைத்து, உள்ளே வெற்றிடம் விட்டு மரத்தில் கூடாகச் செய்கிறவர்களும் உங்கள் ஃபைலை எடுப்பார்கள். அவர்களுக்காக ஒரே வரி: ‘இது வெளிப்புற மேற்பரப்பு, மேலே ஒட்டும் பலகையின் தடிமனைக் கழித்துவிட்டு விலா எலும்புகளை அறுக்கவும்.’ 5 மில்லிமீட்டர் பலகையைக் கழிக்காமல் விட்டால் போர்டின் தடிமன் ஒரு சென்டிமீட்டர் கூடிவிடும்.

இனி விற்பனைப் பயம். மரக் கூடு போர்டுக்கு அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் 1932ல் காப்புரிமை வாங்கினார். அதே 1930களில் அவருடைய போர்டுகளின் செய்முறை வரைபடங்கள் அங்கே மாத இதழ்களில் வந்தன. படித்தவர்கள் வீட்டுக் கொட்டகையில் செய்து கடலில் இறக்கினார்கள். கையில் காப்புரிமை வைத்திருந்தவரின் வடிவமே இப்படித்தான் பரவியது. நாம் இன்று வரைகிற ஒவ்வொரு கோடும் அப்படிக் கை மாறி வந்ததுதான் என்பது என் எண்ணம். அதனால்தான் பூட்டி வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் ஒரு பொருளின் தோற்ற வடிவத்தை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்யலாம். 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் வெளியிட்டுவிட்டால் பதிவு கிடைக்காது. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, அந்த வடிவில் தொழில்முறையில் 50க்கும் மேல் உற்பத்தி ஆகிவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அந்த வடிவத்தின் பதிப்புரிமை நின்றுவிடும். இந்த வடிவத்தை வைத்துக் கம்பெனி நடத்தும் எண்ணம் இருந்தால் முதலில் பதிவு, பிறகுதான் பகிர்வு. வரிசையை மாற்ற முடியாது.

அப்படி எண்ணம் இல்லையென்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமத்தில் ‘பெயர் குறிப்பிடுக, மாற்றினால் இதே உரிமத்தில் பகிர்க’ என்பதைப் போடுங்கள். பலர் ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரில் ஒரு பையன் உங்கள் ஃபைலை வைத்து பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு போர்டு செய்து, சாமான் செலவும் கூலியும் வாங்கினால் அது வணிகமா இல்லையா என்று அவன் பயந்துகொண்டே இருக்க வேண்டும். நம் கடற்கரையில் இந்த வேலை பிழைப்பாக மாறுவதில் எனக்குச் சந்தோஷமே. பெரிய தொழிற்சாலைக்காரரை உரிமத்தின் ஒரு வரி தடுத்துவிடப்போவதும் இல்லை. அவர்கள் கடையில் ஒரு போர்டை வாங்கி ஸ்கேன் செய்துகொள்ள முடியும்.

ஆனால் இதன் மறுபக்கத்தில் நான் கறார். போர்டு வடிவமைக்கிற ஷேப்பர் ஒருவர் உங்களுக்காக வரைந்து செய்து கொடுத்த போர்டின் ஃபைல் அவருடையது. நீங்கள் காசு கொடுத்தது போர்டுக்கு. அவர் அன்பாக ஃபைலை அனுப்பியிருந்தாலும், பொதுவில் போடும் முன் கேட்டே ஆக வேண்டும். அடுத்தவர் ஃபைலிலிருந்து தொடங்கி மாற்றியிருந்தாலும் எங்கிருந்து எடுத்தீர்கள், என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

பகிர்ந்ததில் எங்களுக்குக் கிடைத்தது என்னவென்று கேட்டால், ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் ஃபைலை வைத்துக் கொச்சி பக்கத்துக் காயலில் ஒருவர் போர்டு செய்தார். செங்குத்தான ஃபினில் ஆகாயத்தாமரை வேர் சுற்றிக்கொண்டு போர்டு இழுக்கிறது என்று படத்தோடு எழுதினார். ஃபினைப் பின்னால் நன்றாகச் சாய்த்து, வேர் வழுக்கி விழும்படி அவரே மாற்றி வரைந்து அனுப்பினார். ஆகாயத்தாமரை மண்டிய தண்ணீரில் நாங்கள் அந்த போர்டை ஓட்டியதே இல்லை. அந்த ஃபின் இப்போது எங்கள் ஃபைலோடு அவர் பெயரில் இருக்கிறது. இப்படித் திருத்தம் வரும்போது பழைய ஃபைலை அழிக்காதீர்கள். பெயரில் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, என்ன மாறியது என்று ஒரு வரி சேர்த்துப் புதியதைப் பக்கத்தில் வையுங்கள். பழையதை வைத்துப் பாதி வேலையில் யாராவது இருப்பார்கள்.

ஃபைலைப் போட்டதும் இணைப்பை இங்கே பின்னூட்டத்தில் கொடுங்கள். நான் போர்ட்கேட்டில் திறந்து உங்கள் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டு, வால் பக்க ரெயிலையும் பார்த்துச் சொல்கிறேன்.