பரந்தன் நெல் ஆலை: முற்பணத்துக்கு முன்

முற்பணம் இப்போது கொடுக்கவேண்டாம். பரந்தனில் ஓடும் நெல் ஆலையை முழுதாக வாங்குவதா, பாதிப் பங்குக்குச் சேர்வதா என்று கேட்கிறீர்கள். முதலில், அது நிற்கும் காணி யாருடையது?

ஆலை உரிமையாளர் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டாமல் நாள் கடத்துகிறார் என்றீர்கள். அது அனுமதிப்பத்திரக் காணியாக, அதாவது அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்து வழங்கிய அரச காணியாக இருக்கலாம். வன்னியில் இது சாதாரணம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட அத்தகைய காணியைப் பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்ற முடியாது. செயலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். தரகர் சொல்வதை நம்பவேண்டாம்.

அடுத்து, கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டு இரண்டு வருட மின்கட்டணச் சிட்டைகளைக் கேளுங்கள். கொப்பியை ஒரே இரவில் எழுதிவிடலாம். மாசி, பங்குனியில் பெரும்போக நெல் குவியும்போது எந்த ஆலையும் செழிப்பாகத்தான் தெரியும். நெல் வரத்துக் குறைந்த ஐப்பசி, கார்த்திகைச் சிட்டைகள்தான் உண்மையைச் சொல்லும். டீசல் இயந்திரமும் ஓடுகிறதென்றால் இந்தச் சோதனை மட்டும் போதாது, எண்ணெய்ப் பற்றுச்சீட்டுகளையும் பாருங்கள்.

பங்காளியாகச் சேர்ந்தால், அதன்பின் ஆலையின் பெயரில் உரிமையாளர் வாங்கும் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். ஒப்பந்தத்தை எழுத்தில், உங்கள் சட்டத்தரணியைக் கொண்டே எழுதுவியுங்கள்.