அத்திப்பள்ளியில் இறங்கி நடங்கள்

கேள்வி: பெங்களூரில் அவ்வளவு பெரிய விமான நிலையம் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓசூருக்குத் தனியாக ஒன்று எதற்கு? நாலு தொழிற்சாலை வந்ததும் ஊருக்கே தலைக்கனம் ஏறிவிட்டதா?
– வாசகர் ஒருவர், விழுப்புரம்

பதில்: கூப்பிடு தூரம் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள். ஓசூருக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூரின் தெற்குக் கோடி. விமான நிலையம் இருப்பதோ வடக்கே, தேவனஹள்ளியில். எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று ஊரை முழுக்க ஊடுருவிப் போனால் 70 கிலோமீட்டருக்கு மேல். காலை ஆறு மணி விமானத்துக்கு நடுநிசியில் பெட்டி கட்டுகிற குடும்பத்திடம் தலைக்கனத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

நாலு தொழிற்சாலை என்று விரல் மடக்குகிறீர்களே, 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் உருண்டு வந்தது இந்த ஊரிலிருந்துதான். அதே காலத்தில் அசோக் லேலண்ட். பிறகு டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன். அந்தப் பெயரின் பின்பாதியில் ஒளிந்திருப்பது தமிழ்நாடு என்பதைக் கையில் கடிகாரம் கட்டியவர்களிலேயே பலர் அறிய மாட்டார்கள். இப்போது ஐபோனின் உறையும் இங்கே தயாராகிறது. எழுபதுகளில் பின்தங்கிய வட்டாரம் என்று சொல்லி சிப்காட் நிலம் எடுத்துக் கொடுத்தது, மானியமும் கொடுத்தார்கள். ஆனால் அதற்காக மட்டுமா வந்தார்கள்? எச்.எம்.டி., எச்.ஏ.எல். என்ற மத்திய அரசு ஆலைகள் வளர்த்த பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருந்தது. கடைசல் பட்டறை தெரிந்த கைகள் அங்கே கிடைத்தன. பெங்களூரு இல்லாமல் இந்த ஓசூர் இல்லை. ஓசூர் நண்பர்கள் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

அவர்களுடைய குறை வேறு. எல்லாமே கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுகிறது என்பதுதான் அது. 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. அங்கிருந்து ஓசூர் எட்டிப் பிடிக்கும் தூரம். நீட்டினால் என்ன என்று கேட்டால் வோல்ட் கணக்கு வருகிறது. அவர்களுடைய ரயில், தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது மின்தடத்திலிருந்து 750 வோல்ட் எடுக்கிறது; நம்மவர்கள் போட்ட திட்டத்தில் தலைக்குமேல் கம்பி, 25,000 வோல்ட். இரண்டும் ஒட்டாதாம். கன்னட அமைப்புகளின் எதிர்ப்பு இதில் சேர்த்தியில்லை. அதற்கு வோல்ட் மீட்டர் கிடையாது.

2023 செப்டம்பரில் காவிரிக்காகக் கர்நாடகத்தில் பந்த் நடந்தது. நம் பஸ்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியிலேயே நின்றுவிட்டன. ஜனங்கள் இறங்கி, எல்லையை நடந்தே கடந்து அத்திப்பள்ளிக்குப் போனார்கள். சக்கரம் வைத்த பெட்டியைச் சிலர் இழுத்துக்கொண்டு போனார்கள், சிலர் தலையில் வைத்துக்கொண்டார்கள். காவிரியில் கோபம் வரும்போதெல்லாம் இந்த நடை உண்டு. சென்னையில் அறிக்கை விடுகிறவர்கள் யாரும் இந்த நடையில் சேர்ந்ததாக நினைவில்லை.

எந்த பந்த் நாளிலும் தடைபடாமல் எல்லை தாண்டி வருவது ஒன்றே ஒன்று உண்டு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இறங்கும் பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து, கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரையாகப் பொங்குகிறது. தண்ணீர் திறந்துவிட்ட ஒரு காலையில் அங்கே தரைப்பாலத்தின் ஓரம் நின்றேன். வெள்ளை வெளேரென்று, தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சுப் பொதி. கிட்டே போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். பால் கேன் கட்டிய மொபெட்டை ஒருவர் உருட்டிக்கொண்டு வந்தார். சக்கரம் தெரியவில்லை, பாலத்தின் விளிம்பு எங்கே என்று காலால் துழாவிக்கொண்டே வந்தார். காற்று வீசியதும் ஒரு கட்டி நுரை பறந்து கேன் மூடியில் உட்கார்ந்தது. அவர் அதைத் துண்டால் துடைத்துவிட்டு, என்னிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். பழகிவிட்டது. ஆறு பக்கத்தில் ஓடும் ஊருக்குக் குடிநீர் ஒகேனக்கல்லிலிருந்து குழாய் ஏறி வருகிறது.

ஊர் 2019இல் மாநகராட்சி ஆனது. உழவர் சந்தையில் கொத்தமல்லி விற்கும் அம்மாள், ஒருவரிடம் தெலுங்கில் விலை சொல்லி, அடுத்தவரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்டு, என்னிடம் தமிழில் பையை நீட்டச் சொல்கிறார். இப்போது இந்தியும் கொஞ்சம் கற்றுக்கொண்டுவிட்டார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் வடநாட்டுப் பெண்களுக்காக.

விமான நிலையத்துக்கு வருகிறேன். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கு என்று முதல்வர் ஸ்டாலின் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார். 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் போட்டி நிலையம் கூடாது என்று பெங்களூரு நிலையத்துக்குக் கொடுத்த ஒப்பந்த வாக்கு 2033 வரை இருக்கிறது. ஆகவே அவசரப்பட்டு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

இடம் பார்ப்பது பேரிகை, பாகலூர் பக்கம். அங்கேதான் பசுமைக் குடில்களில் ரோஜா வளர்கிறது. பிப்ரவரியில் காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற பூ, பெங்களூரு வழியாகத்தான் விமானம் ஏறுகிறது. ஒரு பூ விவசாயி என்னிடம் கேட்டார்: ரோஜாவை ஏற்றிப்போக இங்கேயே விமானம் வந்து இறங்கும்போது, ஏற்றுவதற்கு ரோஜாத் தோட்டம் எங்கே இருக்கும்? நீங்கள் இதைக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லத் திணறியிருப்பேன்.