ஐந்து வயதுப் பிள்ளைக்கு நரகம் எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. பொய் சொன்னாலும் சரி, குர்ஆன் ஓதப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாலும் சரி, "அல்லாஹ் நரகத்துல போட்டுடுவான்" என்றால்தான் அடங்குகிறான். இப்போது ராத்திரியில் தனியாகப் படுக்கவே பயப்படுகிறான். மார்க்க ஒழுக்கத்தை வேறு எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

பதில்: சகோதரி, அந்த மிரட்டலை இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளை பயப்படுகிறான் என்பதற்காக மட்டுமல்ல, நீங்கள் சொல்வது உண்மையும் இல்லை. தூங்குபவர் விழிக்கும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை, சிறுவர் பருவமடையும் வரை அவர்கள் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அவர்கள் செய்வது பாவமாக எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. உங்கள் மகன் மீது இன்னும் ஒரு பாவமும் எழுதப்படவில்லை. பொய் சொல்லாதே என்று கற்றுக்கொடுக்க, அல்லாஹ்வின் பெயராலேயே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். தொழுகையைக்கூட 7 வயதில்தான் ஏவச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள்.

அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு சம்பவம் வருகிறது. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் சிறுவராக இருந்தபோது, "இங்கே வா, ஒன்று தருகிறேன்" என்று அவருடைய தாயார் கூப்பிட்டார். அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த நபியவர்கள், "என்ன கொடுக்க நினைத்தாய்?" என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். விசாரிக்கப்பட்டது பிள்ளை அல்ல, தாய். "ஊசி போடமாட்டாங்க, வா" என்று ஏமாற்றி டாக்டரிடம் கூட்டிப்போவதும், கடன்காரர் வந்தால் "அத்தா இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையையே அனுப்புவதும் நம் வீடுகளில் நடக்கிறதா இல்லையா?

சொல்லிக்கொடுக்கும் முறையும் நபியவர்களிடமே இருக்கிறது. நபியவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீஸலமா, சாப்பிடும்போது தட்டு முழுக்கக் கையை ஓட்டினார். பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் சாப்பிடு, உனக்குப் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடு என்றார்கள். அவ்வளவுதான். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. அதன் பிறகு நான் அப்படியேதான் சாப்பிட்டு வந்தேன் என்று அவரே சொல்வது புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. கூட உட்கார்ந்து சாப்பிட்டதால் சொல்ல முடிந்தது. நீங்களும் போனை வைத்துவிட்டு அவனோடு உட்காருங்கள்.

இன்று ராத்திரி அவன் பக்கத்தில் படுத்து, "உம்மா சொன்னது தப்பு, சின்னப் பிள்ளைகளை அல்லாஹ் நரகத்தில் போடமாட்டான்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஓதப் போக ஏன் மாட்டேன் என்கிறான் என்று அவனிடம் கேட்டீர்களா? ஓதிக்கொடுக்கும் உஸ்தாதைப் போய்ப் பாருங்கள். சிறுவயதிலிருந்தே தமக்கு 10 வருடம் பணிவிடை செய்த அனஸை நபியவர்கள் ஒரு தடவைகூட "சீ" என்று சொன்னதில்லை. அந்த உஸ்தாத் சின்னப் பிள்ளைகள் மீது பிரம்பை ஓங்குபவராக இருந்தால், வேறு மத்ரஸா பாருங்கள்.