ராயபுரம் தான் இந்தியாவோட பழைய ரயில்வே ஸ்டேஷனா? முதல் ரயில் பம்பாய்ல தானே ஓடுச்சு?

ரெண்டுமே சரி தாங்க. முதல் பயணிகள் ரயில் 1853ல பம்பாய்ல இருந்து தானேவுக்கு ஓடுச்சு, ஆனா அப்போ கட்டுன அந்த ஸ்டேஷன் கட்டடங்கள் இப்ப இல்ல. ராயபுரத்த "பழைய ஸ்டேஷன்"னு சொல்றதுக்கு அர்த்தம், அன்னைக்கு கட்டுன கட்டடம் இன்னைக்கும் நிக்குதுங்கறது தான். வீட்ல தாத்தாவோட அண்ணன் தம்பிங்க எல்லாம் போய் சேர்ந்துட்டாங்க, இருக்குறதுல இவர் தான் பெரியவர்னு சொல்லுவோம்ல, அந்த மாதிரி.

1856 ஜூன் 28ல அப்போதைய மதராஸ் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வச்சாரு, ஜூலை 1ல இருந்து ராணிப்பேட்டை பக்கத்துல இருக்குற வாலாஜா ரோடு ஸ்டேஷன் வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், வண்டி ஓட ஆரம்பிச்சுது.

ஏன் ராயபுரம்னா, சரக்கு கப்பல் வந்து நிக்கிற கடற்கரை பக்கத்துலயே, கோட்டையும் கிட்ட, வியாபாரிங்க குடியிருந்த கறுப்பர் நகரமும் (இப்போ ஜார்ஜ் டவுன்) தொட்டடுத்த மாதிரி, இத விட தோதான இடம் வேற எங்க கெடைக்கும். நேர்ல போய் முன்னாடி வரிசையா நிக்கிற அந்த உசரமான தூணுங்கள அண்ணாந்து பாருங்க, ஏதோ ஜமீன் பங்களாவுக்குள்ள நுழையுற மாதிரி இருக்கும், எங்க வடசென்னைக்கு இது பெரிய சொத்துங்க. 2005ல புதுப்பிச்சாங்க.

நிறைய பேர் சென்ட்ரல் தான் சென்னையோட முதல் ஸ்டேஷன்னு நெனச்சிட்டு இருக்காங்க, அது வந்தது 1873ல, எழும்பூர் கட்டடம் 1908ல.